பெயர் கேட்கும் நீதிமன்றம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஆர்தர் மில்லரின் 'தி குருசிபிள்' நாடகத்தை முன்வைத்து, பதினேழாம் நூற்றாண்டின் சூனியக்காரி விசாரணைகளுக்கும் இருபதாம் நூற்றாண்டின் அரசியல் வேட்டைகளுக்கும் உள்ள உறவைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அந்த நாடகத்தைக் கல்லூரி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில், இப்படியொரு பொருளுக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி தெரிவிக்கிறேன். கட்டுரையில் கண்ட இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்டுவதற்காகவே எழுத அமர்ந்தேன். எழுத எழுத, அவ்விரு பிழைகளும் நாடகத்தின் மையத்தையே வாசகரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன என்று தோன்றியதால் கடிதம் நீண்டுவிட்டது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

நாடகத்தின் களமான, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் சூனியக்காரிகள் தீயில் எரிக்கப்பட்டார்கள் என்று கட்டுரை சொல்கிறது. அங்கே எவரும் எரிக்கப்படவில்லை. மாசசூசெட்ஸ் அப்போது இங்கிலாந்தின் குடியேற்றப் பகுதி. ஆங்கிலேயச் சட்டத்தில் சூனியத்துக்குரிய தண்டனை தூக்கு. 1692 ஜூன் 10 அன்று பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண் தூக்கிலிடப்பட்டதில் தொடங்கி, செப்டம்பர் 22 வரை 14 பெண்களும் 5 ஆண்களுமாக 19 பேர் தூக்குமேடை ஏறினர். எண்பது வயதை ஒட்டிய ஜைல்ஸ் கோரி என்ற விவசாயி, குற்றத்தை ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்ற கேள்விக்கே விடை தர மறுத்ததால், உடல்மீது பாறாங்கற்களை அடுக்கி நசுக்கப்பட்டு இறந்தார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே மாண்டனர். தீயா, தூக்கா என்பது சிறிய வேறுபாடு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தீ என்று சொன்னவுடன் நம் மனக்கண்ணில் வந்து நிற்பது ஆவேசங்கொண்ட ஒரு கும்பல். சேலத்தில் நடந்ததோ முறைப்படியான நீதி நிர்வாகம். பிடியாணைகள் எழுதப்பட்டன; விசாரணைகள் வரிவரியாகப் பதிவு செய்யப்பட்டன; ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் மே மாத இறுதியில் அதற்கென்றே ஒரு தனி நீதிமன்றத்தை அமைத்தார்; துணை ஆளுநர் வில்லியம் ஸ்டௌட்டன் தலைமை நீதிபதியாக அமர்ந்தார்; ஜூரிகள் கூடித் தீர்ப்பளித்தனர். கும்பலின் வெறி ஓரிரவில் தணியக்கூடியது. கோப்பும் முத்திரையும் கொண்டு நடக்கும் வேட்டை அப்படித் தணிவதில்லை. இதை மறந்தால், அரசியல் வேட்டையைச் சொல்ல மில்லர் ஏன் சேலத்தைத் தேடிப் போனார் என்பதே விளங்காது.

இரண்டாவது பிழை, மில்லரை விசாரித்தவர், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிப் பெயர்பெற்ற செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி என்பது. மில்லர் 1956 ஜூனில் நிறுத்தப்பட்டது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின், அமெரிக்க விரோத நடவடிக்கைகளை ஆராயும் குழுவின் முன்பு. மெக்கார்த்தி இருந்ததோ மேலவையான செனட்டில். மேலும், 1954 டிசம்பரிலேயே செனட் மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றி, அவருடைய செல்வாக்கு முடிந்துபோயிருந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்குப் பிறகுதான் மில்லர் கூண்டில் ஏற்றப்பட்டார். அந்தக் காலத்துக்கே மெக்கார்த்தியின் பெயரை வைத்துவிட்டதால், ஒரு மனிதரின் தீய குணமே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் பிறப்பித்தது 1947-இல். ஹாலிவுட்டைச் சேர்ந்த பத்துப் பேர் அந்தக் குழுவின் கேள்விகளுக்கு விடை தர மறுத்து, பின்னர் அதற்காகச் சிறை சென்றதற்குத் தொடக்கமான விசாரணையும் அதே ஆண்டில்தான். மெக்கார்த்தி என்ற பெயர் நாடறியத் தொடங்கியதோ 1950 பிப்ரவரியில். அவர் வருவதற்கு முன்பே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் விழுந்த பிறகும் ஓடியது.

இனி, அந்த இயந்திரம் எதைக் கொண்டு ஓடியது என்பதற்கு வருகிறேன். பொய்க் குற்றச்சாட்டு என்பதே இரு காலங்களையும் இணைக்கும் கயிறு என்கிறது கட்டுரை. பொய்க் குற்றச்சாட்டு எந்த நாட்டில், எந்தக் காலத்தில் இல்லாமல் இருந்தது? சேலத்தையும் வாஷிங்டனையும் இணைப்பது அதனினும் குறுகலான, குறிப்பான ஒன்று: விடுதலைக்கு விலையாகப் பிறர் பெயரைக் கேட்பது.

1692 மார்ச் முதல் நாள், பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டில் அடிமையாக இருந்த டிட்யூபா விசாரிக்கப்பட்டாள். அவளோடு குற்றஞ்சாட்டப்பட்ட சாரா குட், சாரா ஆஸ்பர்ன் இருவரும் மறுத்தனர். டிட்யூபா ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதோடு நில்லாமல், சாத்தானின் புத்தகத்தில் ஒன்பது பேரின் அடையாளங்களைக் கண்டதாகவும் அடுத்தடுத்த விசாரணையில் சொன்னாள். அவற்றில் யாருடையவை என்று தெரிந்தவை அந்த இரு பெண்களுடையவை மட்டுமே. அப்படியானால் மற்றவர்கள் யார்? இந்த ஒரு கேள்வியிலிருந்து, ஆண்டு முடிவதற்குள், 150-க்கும் மேற்பட்டோர்மீது குற்றச்சாட்டு படர்ந்தது. 1950-இல் மெக்கார்த்தி மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் பேசியபோது, அமெரிக்க வெளியுறவுத் துறையில் உள்ள 205 கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார் என்று செய்தி வெளியானது. சில நாட்களில் அந்த எண் 57 என்றாயிற்று. செனட்டில் பேசும்போது 81 என்றாயிற்று. பெயர் இல்லாத பட்டியலுக்கு இருக்கும் வலிமை பெயர் உள்ள பட்டியலுக்கு இல்லை; ஏனெனில் அதில் யாரையும் எழுதிக்கொள்ளலாம்.

டிட்யூபா உயிர் பிழைத்தாள். சேலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்ற எவரும் தூக்கிலிடப்படவில்லை. தூக்கில் தொங்கியவர்கள் மறுத்தவர்கள். அல்லது சாமுவேல் வார்ட்வெல்லைப் போல, ஒப்புக்கொண்டு பின்னர் அதைத் திரும்பப் பெற்றவர்கள். என் மாணவர்கள் நம்ப மறுக்கும் இடம் எப்போதும் இதுதான். சாத்தானோடு உடன்படிக்கை செய்தேன் என்பவள் வீடு திரும்புகிறாள். செய்யவில்லை என்பவள் சாகிறாள். ஆனால் நீதிமன்றத்தின் கண் கொண்டு பார்த்தால் இதில் முரண் இல்லை. ஒப்புக்கொண்டவர் அடுத்தவரைக் காட்டிக்கொடுப்பார். மறுப்பவரால் நீதிமன்றத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

மறுப்பவர்கள் எதை வைத்து மறுப்பது? குற்றஞ்சாட்டிய சிறுமிகள், இன்னாருடைய ஆவியுரு வந்து தங்களைக் கிள்ளியது, கடித்தது, கழுத்தை நெரித்தது என்றார்கள். அந்த நேரத்தில் நான் என் வீட்டில் இருந்தேன் என்று சொல்லிப் பயனில்லை. உடல் வீட்டில் இருந்திருக்கும், வந்தது ஆவி. பார்த்தவர் தவிர வேறு எவராலும் பார்க்க முடியாத ஒன்றைச் சாட்சியமாக ஏற்ற அந்தக் கணமே, எதிர்வாதம் என்பது செத்துப்போயிற்று. 71 வயதான ரெபேக்கா நர்ஸின் வழக்கை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூரிகள் அவர் குற்றமற்றவர் என்றே முதலில் தீர்ப்பளித்தார்கள். உடனே சிறுமிகள் கூச்சலிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த இன்னொரு பெண் சாட்சி சொல்ல வந்தபோது, அவள் எங்களில் ஒருத்தி என்ற பொருளில் ரெபேக்கா ஏதோ சொன்னாரே, அதைக் கவனித்தீர்களா என்று தலைமை நீதிபதி ஸ்டௌட்டன் ஜூரிகளைக் கேட்டார். ஜூரிகள் மீண்டும் கூடினர். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ரெபேக்காவையே கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. தீர்ப்பு மாறியது. காது மந்தமாக இருந்ததால் கேள்வி தமக்குக் கேட்கவில்லை என்றும், அவளும் நம்மைப் போல் ஒரு கைதி என்பதையே குறிப்பிட்டதாகவும் அவர் பின்னர் எழுதிக் கொடுத்தார். ஜூலை 19 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். மௌனம் குற்றத்தின் அடையாளமாக எழுதப்பட்டது இப்படித்தான். 1950-களில், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமையைப் பயன்படுத்தியவர்களுக்கு 'ஐந்தாவது திருத்தக் கம்யூனிஸ்டுகள்' என்று பட்டம் சூட்டப்பட்டதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரெபேக்கா நர்ஸின் கேட்காத காதுதான் நினைவுக்கு வருகிறது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோயன்று. சேலத்துக்கு 64 ஆண்டுகளுக்கு முன்பு, 1628-இல், ஜெர்மனியின் பாம்பெர்க் நகர மேயர்களில் ஒருவரான யோஹானஸ் யூனியஸ் சூனியக் குற்றத்துக்காகச் சித்திரவதை செய்யப்பட்டார். சிதைந்த கையால் சிறையிலிருந்து தம் மகளுக்கு அவர் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் அவர்கள் விடவில்லை. நகரத்தின் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்தத் தெருவில் யாரைத் தெரியும், அந்தத் தெருவில் யாரைத் தெரியும் என்று பெயர் கேட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். நகரத்தின் வரைபடம் முழுவதும் குற்றவாளிகளின் பட்டியலாக மாறும் அந்த இடத்தைக் கண்ணீரின்றி என்னால் ஒருபோதும் வகுப்பில் வாசிக்க முடிந்ததில்லை.

மில்லர் தம் நாடகத்தின் ஆராய்ச்சிக்காகச் சேலம் சென்றது 1952-இல். அதே ஆண்டு ஏப்ரலில், அவருடைய நெருங்கிய நண்பரும் அவருடைய நாடகங்களை இயக்கியவருமான எலியா கசான், பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன்பு தம் பழைய நாடகக் குழுத் தோழர்கள் எட்டுப் பேரின் பெயர்களைச் சொன்னார். நாடகம் நியூயார்க்கில் 1953 ஜனவரி 22 அன்று அரங்கேறியது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் அந்த நாடகத்தின் அரங்கேற்றத்துக்குச் செல்ல மில்லருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1956-இல் குழுவின் முன் நின்றபோது, தம்மைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வதாகவும், இன்னொருவரின் பெயரைச் சொல்லி அவருக்குத் தொல்லை வருவிக்கத் தம்மால் இயலாது என்றும் அவர் கூறினார். அதற்காகச் சபை அவமதிப்புக் குற்றம் சுமத்தப்பட்டு, 500 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட 30 நாள் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. 1958-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. நாடகத்தின் இறுதிக் காட்சியில், சூனியக் குற்றம் சுமத்தப்பட்ட அதன் நாயகன் ஜான் ப்ராக்டர் செய்வதும் இதுவே என்பதைக் கவனிக்க வேண்டும். உயிராசையால் அவன் ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். பிறர் பெயரைச் சொல்லும்படி கேட்கும்போது மறுக்கிறான். பிறகு, தான் கையெழுத்திட்ட தாளைத் தேவாலயக் கதவில் அறைவார்கள் என்று அறிந்து அதைக் கிழிக்கிறான். ஒரு பொய்யைச் சொல்லி உயிர் பிழைத்தால் என்ன தவறு என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது என்னிடம் கேட்பதுண்டு. அந்தப் பொய் அவனோடு முடிவதாக இருந்தால் தவறே இல்லை என்பதுதான் நான் அளித்துவந்த பதில். அவனுடைய கையெழுத்து, மறுத்துக்கொண்டு சிறையில் இருக்கும் ரெபேக்காவின் கழுத்துக்கு இன்னொரு சுருக்கு. குருசிபிள் என்ற சொல்லுக்குத் தமிழில் மூசை என்று பெயர். பொற்கொல்லர் பொன்னை உருக்கும் மண்கலம். அந்த வெப்பத்தில் ப்ராக்டரிடம் எஞ்சியது இந்த ஒரு மறுப்புதான்.

அரசியல் வேட்டையைச் சூனிய வேட்டையாகக் காட்டும் உருவகத்துக்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. சூனியக்காரிகள் உலகில் இல்லை, ஆனால் கம்யூனிஸ்டுகள் இருந்தார்களே என்று அப்போதே கேட்டவர்கள் பலர். கசானின் மனைவியும் மில்லரிடம் அவ்வாறே வாதிட்டார். நேர்மையாகச் சொன்னால், அமெரிக்க அரசுக்குள் சோவியத் உளவாளிகள் சிலர் இருந்தது உண்மை. இடைமறித்து விடுவிக்கப்பட்ட சோவியத் மறைமொழிச் செய்திகள் 1995 முதல் வெளியிடப்பட்டபோது அது மேலும் உறுதியாயிற்று. ஆனால் 1692-இன் நீதிபதிகளுக்குச் சாத்தான் கற்பனையன்று. மெத்தப் படித்த அவர்களுக்கு, மாசசூசெட்ஸின் சட்டநூலில் மரண தண்டனைக்குரிய குற்றமாகவே எழுதப்பட்டிருந்த, ஐயத்துக்கு இடமில்லாத ஆபத்து அது. ஆபத்து மெய்யா பொய்யா என்பதை விசாரிக்கும் இடத்தில் இருப்பவர் எப்போதும் மெய் என்றே நம்புவார். ஆகவே வேட்டையை அடையாளம் காண ஆபத்தின் மெய்ம்மை உதவாது. என்ன சாட்சியம் ஏற்கப்படுகிறது, மௌனத்துக்கு என்ன பொருள் கொள்ளப்படுகிறது, விடுவிக்க என்ன கேட்கப்படுகிறது என்பவைதாம் உதவும். ஓர் உளவாளியை ஆவணத்தைக் கொண்டு பிடிப்பது வேறு. ஒரு நாடக நடிகரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு கூட்டத்தில் பக்கத்தில் அமர்ந்தவர் யார் என்று கேட்பது வேறு.

நாடகத்தின்மீது எனக்கு இரண்டு குறைகள் உண்டு. வரலாற்றில் ப்ராக்டருக்கு வயது அறுபதை ஒட்டியது. குற்றஞ்சாட்டிய சிறுமிகளில் ஒருத்தியான அபிகேல் வில்லியம்ஸுக்குப் பதினொன்று. மில்லர் அவனை முப்பதுகளுக்கும் அவளைப் பதினேழுக்கும் கொண்டுவந்து, இருவருக்கும் ஒரு கள்ள உறவைக் கற்பித்தார். மேடைக்கு அது பயன்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பொறாமையால்தான் ஊரே அழிந்தது என்று பார்வையாளர் வீடு திரும்பினால், நீதிபதிகள் தப்பித்துக்கொள்கிறார்கள். இன்னொன்று என்னை இன்னும் உறுத்துவது. நாடகத்தில் ஈவிரக்கமற்ற நீதிபதியாக வரும் டான்ஃபோர்த்தின் பெயர் தாமஸ் டான்ஃபோர்த் என்ற மெய்யான மனிதருடையது. அவர் ஏப்ரலில் ஒரு பூர்வாங்க விசாரணைக்குத் தலைமை தாங்கினார் என்றாலும் தூக்குத் தண்டனைகளை விதித்த நீதிமன்றத்தில் அமரவில்லை. அந்த நீதிமன்றத்தின் போக்கில் அதிருப்தி கொண்டிருந்தவர்களில் ஒருவராகவே அக்காலக் கடிதம் ஒன்று அவரைக் குறிப்பிடுகிறது. ஸ்டௌட்டனின் பாவச்சுமையை அவர் தலையில் ஏற்றியது, ஒரு மனிதனின் நற்பெயருக்காக எழுதப்பட்ட நாடகத்தில் நேர்ந்திருக்கக் கூடாத ஒன்று.

தம் தீர்ப்பு பிழை என்று தெரிந்த நொடியில் அரியணையிலேயே உயிர் துறந்த பாண்டியனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஸ்டௌட்டன் கடைசிவரை வருத்தம் தெரிவித்ததாகப் பதிவு இல்லை. 1692 அக்டோபரில் ஆளுநர் அந்த நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டு அமைந்த நீதிமன்றம் ஆவியுருச் சாட்சியத்தை ஏற்காதபோது பெரும்பாலான வழக்குகள் தாமாகவே சரிந்தன. எஞ்சியிருந்த சிலருக்கும் ஆளுநர் தண்டனையை நிறுத்திவைத்தபோது ஸ்டௌட்டன் கோபத்தோடு நீதிமன்றத்தை விட்டு எழுந்து போனார். நீதிபதிகளில் சாமுவேல் சூவல் ஒருவர்தாம், 1697 ஜனவரியில் பாஸ்டன் தேவாலயத்தில், தம் குற்ற ஒப்புதலைப் பாதிரியார் உரக்க வாசிக்கையில் சபையோர் நடுவே எழுந்து நின்றார். ஜூரிகள் 12 பேர் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். இந்த ஒப்புதல்களுக்கு யாரும் விலை பேசவில்லை. யார் பெயரும் கேட்கப்படவில்லை.

கட்டுரையின் இறுதியில், இன்றைய அரசியல்வாதிகள் பலரும் தங்கள்மீதான எந்த விசாரணையையும் சூனிய வேட்டை என்று அழைப்பது குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் அது சரியா என்று கட்டுரையாளர் கேட்கவில்லை. அதிகாரத்தில் இருந்தவர், தேர்ந்த வழக்கறிஞர்களோடு, தம்மீதான ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையோடும் மேல்முறையீட்டு வாய்ப்போடும் பதிலளிக்கக் கேட்கப்படுவது எவ்வளவு சங்கடமானாலும் அது வேட்டையன்று. சீனாவில் கலாசாரப் புரட்சியின்போது ஆறரை ஆண்டுகள் தனிமைச் சிறையில் இருந்த நியென் செங், விடுதலைக்குப் பின் ஷாங்காயில் இந்த நாடகத்தைக் கண்டு, சீனர் அல்லாத ஒருவர் இதை எழுதியிருப்பார் என்பதை நம்ப இயலவில்லை என்று மில்லரிடமே கூறினார். ஆட்சி வலதா இடதா என்பதை நாடகம் பார்க்கவில்லை. கைதியிடம் கேட்கப்படும் கேள்வியைத்தான் பார்த்தது. சூனிய வேட்டை என்ற சொல்லைச் செய்தித் தலைப்பில் இடும்போதெல்லாம், அங்கே என்ன சாட்சியம், என்ன கேள்வி என்பதையும் ஒரு வரியில் தங்கள் நிருபர்கள் எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கட்டுரையில் இடம்பெறாத ஓர் ஆவணத்தைக் குறிப்பிட்டு நிறைவு செய்கிறேன். ரெபேக்கா நர்ஸின் நற்குணத்துக்குச் சான்றளித்து அவருடைய அயலவர்கள் நீதிமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். சூனியக்காரிக்குப் பரிந்து பேசினால் அடுத்த பிடியாணை தன் பெயரில் வரக்கூடும் என்பதை அந்தக் கோடையில் சேலத்தில் அறியாதவர் இல்லை. அப்படியிருந்தும் அதில் 39 பேர் தங்கள் பெயரை எழுதினார்கள். ரெபேக்காமீது மார்ச் மாதம் புகார் கொடுத்த இருவரில் ஒருவரான ஜோனதன் பட்னமின் பெயரும் அந்த 39-இல் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பணி ஓய்வு பெற்ற ஆங்கில இலக்கிய ஆசிரியர்